கழுத்து வீக்கம் 'நறநற' என்கிறதா? தடவாதீர்கள்!

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ஏழரை மணி. கிளினிக்கைப் பூட்டப் போகிற நேரம். அடுத்த தெரு அம்மா ஒருவர், தன் இருபது வயசு மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"ஐயா, அம்மன் கோயில் தோரணத்துக்குக் கட்டின நைலான் கயிறு தாழ்வாத் தொங்கியிருக்கு. இவன் பைக்ல வந்தவன் இருட்டுல கவனிக்கலை. கயிறு கழுத்துல மாட்டி மல்லாக்க விழுந்துட்டான். நல்லவேளை, வெளிக்காயம் எதுவும் இல்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கு. ஏதாவது பத்துப் போட்டு விடுங்கய்யா..."

பார்த்தேன். கழுத்தின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. அதைச் சுற்றி வீக்கம். "வலிக்குதா தம்பி?" என்று கேட்டேன். பதில் வந்தது. ஆனால் குரல் கரகரத்து, பாதி காற்றாகவே வந்தது. கூடவே ஒரு இருமல். கைக்குட்டையில் லேசாக ரத்தம்.

வீக்கத்தின் மேல் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினேன். விரலுக்கு அடியில் 'நறநற' என்றது. பொரி மூட்டையை அமுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி!

அவ்வளவுதான். பத்து அரைக்கவில்லை. எண்ணெய் பாட்டிலைத் தொடவில்லை. பையனை அசையாமல் உட்காரவைத்து, "தலையைத் திருப்பாதே" என்று சொல்லிவிட்டு, 108-க்குப் போன் செய்தேன்.

அந்த அம்மாவுக்குக் கோபம். "நடந்துதானே வந்தான்? இதுக்குப் போய் ஆம்புலன்ஸா?"

"அம்மா, இது ரத்தக்கட்டு இல்லை. தோலுக்கு அடியில காத்து புகுந்திருக்கு. மூச்சுப் போற வழி உள்ளே எங்கேயோ கிழிஞ்சிருக்கணும். இதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்லை" என்றேன்.

கிட்டத்தட்ட முப்பது வருஷமாக மூலிகை அரைக்கிறவன், ஆபரேஷன் விஷயத்தை எதற்கு எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். கழுத்திலோ மார்பிலோ அடிபட்டு வீங்கினால் நம் வீடுகளில் முதலில் தேடுவது எண்ணெயும் ஒத்தடமும்தான். முதலில் வருவதும் எங்களைப் போன்றவர்களிடம்தான். அதனால் எந்த வீக்கத்தைத் தொடக்கூடாது என்பதை நாங்கள்தான் முதலில் சொல்லவேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நான் செய்த தப்பு

1997-ம் வருஷம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, ஊரில் போர்டு மாட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாடிப்படியில் உருண்டு விழுந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். வலது விலாவில் வலி. மேலே உப்பலாக ஒரு வீக்கம். அமுக்கினால் இதே 'நறநற' சத்தம்.

எனக்கு அப்போது அடையாளம் தெரியவில்லை. "வாயு தங்கியிருக்கு" என்று நானே முடிவு கட்டி, தைலம் தடவி, இறுக்கமாகத் துணிக்கட்டும் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஓடி வந்தார்கள். பெரியவரின் முகம் பலூன் மாதிரி ஊதிப்போய், இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் மூடிக் கிடந்தன. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததும் தெரிந்தது. விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தியிருக்கிறது. உடனே மார்பில் ட்யூப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

அங்கே இருந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. "எக்ஸ்ரே எடுக்கச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

சித்த மருத்துவம் பேசுகிற வாயு வேறு. பிராணன், அபானன் என்று பத்து வாயுக்களைச் சொல்கிறோம். அவை உடம்பை இயக்குகிற சக்திகள். தோலுக்கு அடியில் 'நறநற' என்பது அதுவல்ல. நீங்களும் நானும் மூக்கால் இழுக்கிற இதே காற்றுதான் வழி தவறிப் போயிருக்கிறது. டாக்டர்கள் இதை 'சப்கியூட்டேனியஸ் எம்ஃபிசிமா' என்பார்கள். நாம் 'தோலடிக் காற்று' என்று வைத்துக்கொள்வோம்.

காற்று அங்கே எப்படிப் போனது?

உங்கள் கழுத்தின் முன்பக்கம் விரலை வையுங்கள். முழுங்கும்போது மேலும் கீழும் ஏறி இறங்குகிறதே, அதுதான் குரல்வளை. அதற்குக் கீழே மூச்சுக்குழல். பெரியவர்களுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் அதைச் சப்பிப்போகாமல் தாங்குகின்றன. அப்புறம் அது இரண்டாகப் பிரிந்து இரண்டு நுரையீரலுக்கும் போகிறது.

இதை ஒரு சைக்கிள் ட்யூப் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே பஞ்சர் ஆனாலும் காற்று வெளியே வரும். வெளித்தோல் கிழியாமல் உள்ளே மட்டும் கிழிந்தால்? வெளியேற வழி இல்லாத காற்று, சதைக்கும் தோலுக்கும் நடுவில் பரவும். தோல் எங்கே தளர்வாக இருக்கிறதோ அங்கே சீக்கிரம் சேரும். கழுத்து, கண் இமை, மார்பு, ஆண்களுக்கு விதைப்பை வரைக்கும்கூட இறங்கும்.

பஞ்சர் ஆகிற இடங்கள் பல. விலா எலும்பு முறிவு ஒன்று. கழுத்தில் விழுகிற அடி இன்னொன்று. கட்டின கயிறு, கம்பி, பைக்கில் போகும்போது சக்கரத்தில் சிக்கி இறுக்குகிற துப்பட்டா எல்லாம் இதில் சேரும். கடுமையான ஆஸ்துமா இருமலில் நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகள் வெடித்து, காற்று ரத்தக்குழாய்களை ஒட்டியே ஊர்ந்து மார்பின் நடுப்பகுதிக்கு வந்து, அங்கிருந்து கழுத்துக்கு ஏறலாம். பிரசவத்தில் மூச்சடக்கி முக்கும்போதும் சில பெண்களுக்கு இது வருவதுண்டு. 2020, 2021 கொரோனா சமயத்தில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் சிலருக்கும் வந்தது.

பல் டாக்டரின் கருவியிலிருந்து வரும் அழுத்தக் காற்று ஈறு வழியாகப் புகுந்து கன்னம் ஊதலாம். முகத்தில் அடிபட்டு எலும்பு விரிசல் விட்டவர்கள் மூக்கைப் பலமாகச் சிந்தினால், அடுத்த நிமிஷமே கண் இமை உப்பும்.

உணவுக்குழாய் கிழிந்தாலும் இதே நறநறப்பு உண்டு. ஹாலந்து நாட்டுக் கடற்படைத் தளபதி ஒருவர் விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி எடுக்க முயன்று, உணவுக்குழாய் வெடித்து இறந்துபோனார். அவருக்குத் தோலடியில் காற்று இருந்ததை ஹெர்மன் போர்ஹாவே என்ற மருத்துவர் 1724-ல் எழுதிவைத்தார். பலமாக வாந்தி எடுத்த பிறகு நெஞ்சில் கொடூர வலியும் கழுத்தில் நறநறப்பும் வந்தால், ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

காற்றால் ஆபத்தா?

உண்மையைச் சொன்னால், தோலடியில் தேங்கிய காற்று பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. கசிவு நின்றால், சில நாட்களில் உடம்பு தானே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிஜன் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வற்றும். நாம் சுவாசிக்கிற காற்றில் சுமார் 78 சதவிகிதம் நைட்ரஜன். ரத்தத்தில் அது குறையும்போது, தோலடியில் தங்கிய நைட்ரஜன் வேகமாக ரத்தத்துக்குள் இழுபடும்.

ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? கிழிசலில்! நறநறப்பு என்பது வீட்டு வாசலில் அடிக்கிற அழைப்பு மணி மாதிரி. மணியைக் கழற்றிவைத்துப் பிரயோஜனம் இல்லை. வாசலில் யார் என்று பார்க்கவேண்டும்.

குரல்வளையோ மூச்சுக்குழலோ கிழிந்திருந்தால், உள்ளே சவ்வு வீங்கிக்கொண்டே வரும். ஒரு மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மூச்சு அடைக்கலாம். நடந்து வந்தான், பேசினான் என்பதெல்லாம் உத்தரவாதம் இல்லை.

"தொண்டையில ஓட்டையா?"

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவன் அப்பா போன் செய்தார். குரல் நடுங்கியது.

"ஐயா, கழுத்துல ஓட்டை போட்டு ட்யூப் வைக்கணுமாம். கையெழுத்துக் கேக்கறாங்க. தொண்டையில ஓட்டை போட்டா பேச்சு போயிடாதா? ஒத்தப் பிள்ளைங்கய்யா. ஒரு ராத்திரி பார்த்துட்டு, காலையில உங்ககிட்டயே கூட்டிட்டு வந்துடட்டுமா?"

பையனின் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வருது" என்றார். வழி குறுகிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

"காலையில என்கிட்ட கூட்டிட்டு வர்றதுக்கு அவன் உயிரோட இருக்கணும். உடனே கையெழுத்துப் போடுங்க" என்றேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

நம் வீடுகளில் இந்தப் பயம் ரொம்ப சகஜம். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று, 67 வயதில் தொண்டை வீங்கி மூச்சடைத்து இறந்தார். அவரைச் சுற்றி மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். மூவரில் இளையவரான எலிஷா டிக், "மூச்சுக்குழலில் துளை போடலாம்" என்றார். மூத்தவர்கள் சம்மதிக்கவில்லை. துளை போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று இன்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று எல்லோருக்கும் புதுசாக இருந்த அந்த ஆபரேஷன், அதற்குப் பிறகு தொண்டை அடைப்பான் வந்த குழந்தைகளையும், 1952-ல் கோபன்ஹேகன் நகரில் போலியோவால் மூச்சு நின்றவர்களையும் காப்பாற்றியிருக்கிறது.

டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்?

மூச்சு அடைக்கும்போது பொதுவாக வாய் வழியாகத்தான் ட்யூப் போடுவார்கள். குரல்வளையே கிழிந்திருந்தால் அதில் ஒரு சிக்கல். ட்யூப் நேரான வழியில் போகாமல், கிழிசல் வழியாகச் சதைக்குள் நுழைந்துவிடலாம். முகமூடி வைத்துக் காற்றை அழுத்தித் தள்ளினால், அந்தக் காற்றும் கிழிசல் வழியே தோலடிக்குப் போய் வீக்கம் கூடும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்குப் பல சமயம் முழு மயக்கம் கொடுக்காமல், கழுத்தில் மட்டும் மரத்துப்போகிற ஊசி போட்டு, அவர்களே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் துளை போடுவார்கள். இதுதான் ட்ரக்கியாஸ்டமி. கிழிசலுக்குக் கீழே, மூச்சுக்குழலின் மேல் வளையங்கள் நடுவே திறந்து, வளைந்த சின்ன ட்யூப் ஒன்றை வைக்கிறார்கள். அடைபட்ட வாசலை விட்டுவிட்டுப் பக்கத்து வாசலைத் திறப்பது போல.

அதற்கும் நேரம் இல்லாமல் மூச்சு நின்றுபோகிற நிலை என்றால், குரல்வளையின் இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய சவ்வைத் திறப்பதுண்டு. இது பெரியவர்களுக்கான அவசர வழி. சின்னக் குழந்தைகளுக்கு இந்த முறையில் வெட்டமாட்டார்கள். சினிமாவில் பேனாக்குழாயைக் குத்துகிற காட்சியைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் முயற்சி செய்யவேண்டாம். பழகிய கைக்கே கஷ்டமான வேலை இது.

காற்றால் ஊதிப்போன கழுத்தில் துளை போடுவது இன்னும் சிரமம். தொட்டால் தெரிகிற அடையாளங்கள் எல்லாம் மறைந்திருக்கும். சர்ஜன் கழுத்தின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக நீளவாக்கில் கீறி, விரலால் காற்றை ஒதுக்கி, குருத்தெலும்பைத் தடவிக் கண்டுபிடித்து இறங்குவார். சாதாரண ட்யூப் எட்டாமல், நீளமான ட்யூப் தேவைப்படலாம். முழு வீக்கமும் வந்த பிறகு போவதைவிட, ஆரம்பத்திலேயே போவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தத் துளையால் இன்னொரு லாபமும் உண்டு. நாம் இருமும்போது குரல்நாண்கள் முதலில் மூடிக்கொண்டு, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பஞ்சர் ஆன ட்யூபில் பம்ப் அடிக்கிற மாதிரி அது. கழுத்துத் துளை வழியாக மூச்சு போனால் அந்த அழுத்தம் குறையும். புதுசாகக் காற்று கசிவதும் குறையும்.

பஞ்சர் நுரையீரலில் இருந்தால் வழி வேறு. மார்பில் ஒரு ட்யூப் போட்டு, அதன் முனையைத் தண்ணீர் உள்ள பாட்டிலில் வைப்பார்கள். சைக்கிள் கடைத் தொட்டியில் வருவது போலவே குமிழி வரும். பயப்படாதீர்கள், கசிகிற காற்று வெளியேறுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுதான். பாட்டில் எப்போதும் மார்பு மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும். பெருக்குவதற்கு இடைஞ்சல் என்று தூக்கிக் கட்டில் மேல் வைத்துவிடாதீர்கள்!

தோலடிக் காற்று அளவுக்கு மீறி முகம், கழுத்து, மார்பு எல்லாம் இறுகிப்போனால், காறை எலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி அந்தக் காற்றை வெளியேற்றுவதும் உண்டு.

வீட்டில் கேட்கிற கேள்விகள்

பேச்சு போய்விடுமா? ட்யூப் இருக்கிறவரை காற்று குரல்நாண்களுக்கு ஏறாததால் சத்தம் வராது. அதற்காகக் குரல் செத்துப்போனதாக அர்த்தம் இல்லை. கொஞ்சம் தேறிய பிறகு, பேசுவதற்கென்றே இருக்கிற மூடியை டாக்டர்கள் பொருத்துவார்கள். ட்யூபை எடுத்த பிறகு பேச்சு திரும்பும். அடிபட்டதில் குரல்வளையே சிதைந்திருந்தால் கரகரப்பு மிஞ்சலாம். அது அடியால் வந்தது, துளையால் வந்ததல்ல.

சாப்பிடலாமா? உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழல் வேறு. பலரால் சாப்பிட முடியும். டாக்டர் பரிசோதித்து அனுமதித்த பிறகு ஆரம்பியுங்கள்.

ஓட்டை மூடுமா? ட்யூபை எடுத்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானே சுருங்கி மூடிக்கொள்ளும். சின்னத் தழும்புதான் மிஞ்சும்.

ட்யூபோடு வீட்டுக்கு அனுப்பினால்? உள் ட்யூபைக் கழற்றிச் சுத்தம் செய்யவும், சளியை உறிஞ்சி எடுக்கவும் நர்ஸிடம் ஒருமுறைக்கு நாலுமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக்கூடாது. சாம்பிராணிப் புகை, பவுடர், கொசுவர்த்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம். மூக்கு செய்கிற வடிகட்டும் வேலை இப்போது நடக்கவில்லை என்பதை மறக்காதீர்கள்.

உங்கள் விரல் நுனியில் இருக்கிறது

கழுத்தில், மார்பில் அடிபட்டவர் வீட்டுக்கு வந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

● வீக்கத்தை லேசாகத் தொட்டுப் பாருங்கள். நறநறப்பு இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

● குரல் மாறினால், மூச்சில் விசில் சத்தம் வந்தால், இருமலில் ரத்தம் வந்தால், வீக்கம் கண்ணெதிரே பரவினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

● எண்ணெய் தடவி நீவுவது, பத்து, ஒத்தடம், வர்ம இடங்களை அழுத்துவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது.

● அவருக்கு எப்படி உட்கார்ந்தால் மூச்சு விட சௌகரியமோ அப்படியே விடுங்கள். வற்புறுத்திப் படுக்கவைக்காதீர்கள். கீழே விழுந்தவர் என்றால் கழுத்தைத் திருப்பாதீர்கள்.

● தண்ணீர், காபி, கஷாயம் எதுவும் கொடுக்காதீர்கள். மூக்கைச் சிந்தவும் விடாதீர்கள்.

● காற்று வற்றிவிட்டது என்று டாக்டர் சொல்கிறவரை விமானப் பயணம் வேண்டாம். உயரத்தில் உள்ளே இருக்கும் காற்று விரியும்.

● புண் உள்ள இடத்தில் நறநறப்போடு காய்ச்சல், கெட்ட வாடை, தாங்க முடியாத வலி இருந்தால் அது கிருமி உண்டாக்கும் வாயு. அதற்கும் உடனே ஆபரேஷன் தேவைப்படும்.

அந்தப் பையனின் அப்பா அன்று ராத்திரி கையெழுத்துப் போட்டார். துளை போட்ட பிறகு, உடைந்திருந்த குருத்தெலும்பையும் சரிசெய்தார்கள். பதினாறாம் நாள் ட்யூபை எடுத்தார்கள். குரலில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது. போன மாதம் வந்து, "டாக்டர், அக்காவுக்குக் கல்யாணம், கண்டிப்பா வரணும்" என்று அந்தக் கரகரத்த குரலில்தான் பத்திரிகை வைத்தான்.

பத்திரிகையை வாங்கிக்கொண்டு ஒன்று கேட்டேன். "தெருவுல பந்தல் போடுவீங்களா?"

"போடுவோம்."

"கயிறு கட்டினா ஆள் உயரத்துக்கு மேலே கட்டு. வெள்ளைத் துணி கட்டித் தொங்கவிடு. வேலை முடிஞ்சதும் அவிழ்த்துடு."

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். அதையும் மீறி ஏதாவது நடந்துவிட்டால், தடவாதீர்கள், கிளம்புங்கள். டாக்டர் கையெழுத்துக் கேட்டால், சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்துகொண்டு, சீக்கிரம் போடுங்கள்.